அப்பாசாமியின் செம்பு

பூந்தமல்லி டிஸ்பென்சரியில் நான் கலவை மருந்தைப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஃபிட்டர் அப்பாசாமி பட்டணத்து ஆஸ்பத்திரியில் காலமாகிவிட்டார் என்று டாக்டரே வந்து சொன்னார். மருந்து பாட்டிலுக்கு வெளியே மேஜையில் கொட்டியது. "சிந்திட்டியே கம்பவுண்டரே" என்று அப்பாசாமி சொல்வது போலவே இருந்தது.

மாட்டு வண்டியில் குலுங்கிக்கொண்டே போய் வழியில் உயிரை விட்டவர்களை டாக்டரும் நானும் பார்த்திருக்கிறோம். இனி ஒருவரும் அப்படிப் போகக் கூடாது என்றுதான், டாக்டரின் காருக்குப் பின்னால் கட்டி இழுக்க, நோயாளி படுத்துச் செல்லும் சிறிய டிரெய்லர் ஒன்றைச் செய்ய அம்பத்தூரிலிருந்து அப்பாசாமியை அழைத்து வந்தேன். ஆனால் நான் பிடிவாதக்காரன். குலுக்கலைத் தாங்க, பட்டாளத்தார் கழித்துப்போட்ட லாரியின் வில் பட்டைகளை, பக்கத்துக்கு ஒன்பதாக, அப்படியே பூட்டச் சொன்னேன். உயிர் சமாசாரம், கனமாக இருக்கட்டும் என்றேன்.

"நோயாளி இன்னா நெல்லு மூட்டையா? லாரி பாரத்துக்குத்தான் அது வளையும். ஒத்த ஆளுன்னா தூக்கித் தூக்கிப் போடும்" என்றார். நான் கேட்கவில்லை.

அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும், படுத்துப் பார்க்காமல் அவர் எந்த வண்டியையும் கொடுத்ததில்லை. செம்பு நிறையத் தண்ணீரை மார்மேல் பிடித்துக்கொண்டு தாமே படுத்தார். நசரத்பேட்டை போய்த் திரும்புவதற்குள் செம்பு காலி, சட்டை தொப்பல், நெற்றியில் எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம். வேறு யாராக இருந்தாலும் என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே, "இப்போ கழட்டலாமா?" என்றார். பக்கத்துக்கு ஐந்து பட்டைகள் கழன்றன.

சக்கரத்திலும் மூக்கை நுழைத்தேன். கட்டைவண்டிச் சக்கரமே போதாதா என்றேன். "காருல கூடுதலா ஒரு சக்கரம் கீது. அது ரெண்டுக்கும் சேரணும்னா நடுவுல கீற குடமும் ஒண்ணாத்தான் இருக்கணும்" என்று, காரில் உள்ளது போன்ற குடங்களையே தேடிப் பிடித்துப் பொருத்தினார். அடுத்த மழைக்காலத்தில், பிரசவம் சிக்கலான வானகரத்துப் பெண்ணை ஏற்றிப் போகும்போது டிரெய்லரின் டயர் வெடித்தது. காரின் உபரிச் சக்கரத்தை மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். தாயும் மகளும் பிழைத்தார்கள்.

சென்ற வாரம் கடுங்காய்ச்சலோடு அவரையே அதில் படுக்க வைக்க வேண்டி வந்தது. பேசத் தெம்பில்லை. ஆனாலும் சைகையால் செம்பு கேட்டார். நிரப்பிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அதை எனக்குக் காட்டி, இருந்த தெம்பைத் திரட்டி, "பாரு, சிந்தல" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. எனக்கு அழுகை தாங்கவில்லை.

ஆவடிக்காரர்கள் கேட்டிருந்த இன்னொரு டிரெய்லரை அவர் பாதி முடித்து வைத்திருந்தார். மீதியைப் பட்டறைக்காரர்கள் முடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். அவருடைய செம்பு இப்போது என்னிடம் இருக்கிறது. விளிம்புவரை நிரப்பிக்கொண்டு நான்தான் படுக்கப் போகிறேன். ஒரு சொட்டு சிந்தினாலும், பட்டையைக் கழற்று என்று முதலில் சொல்பவன் நானாகத்தான் இருப்பேன்.