ஏழாம் நம்பர் பாயிண்ட்

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூருக்கு உண்டு. இந்த ஒன்றை வைத்துக்கொண்டு ராஜதுரை இருபத்திரண்டு வருஷமாகத் தன் அக்கா புருஷன் உத்திராபதியை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தான். அவர் பெண் பார்க்க அரியலூர் போன அன்றே ஆரம்பித்துவிட்டான்.

"எங்க ஊர்ல ரயிலே நிக்கும் மாமா. உங்க ஊர்ல என்ன நிக்கும்?"

உத்திராபதி பெரம்பலூரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். ஓடுகிற சத்தத்தைக் கேட்டே மோட்டாரின் கோளாறைச் சொல்லிவிடுவார். அரசாங்கம் விடுகிறபோது விடட்டும் என்று, மாடி அறையில் தானே ஒரு ரயில் விட்டார். இரண்டு பழைய கதவுகளைச் சேர்த்துப் போட்ட மேசை மேல், விருத்தாசலத்தில் கிளம்பி அரியலூர் வழியாகத் திருச்சி போகும் குட்டித் தண்டவாளம். அரியலூர் தாண்டியதும் பெரம்பலூருக்கு ஒரு கிளை. தண்டவாளம் பிரியும் இடங்களில் ரயிலைத் திருப்பிவிட மொத்தம் எட்டு பாயிண்ட். ஒவ்வொன்றின் அடியிலும் தீப்பெட்டி அளவில் ஒரு மோட்டார், அதற்கொரு நம்பர். போனில் ஏழாம் நம்பரை அமுக்கினால் ஏழாவது மோட்டார் மட்டும் விழித்துக்கொண்டு, பாயிண்டைப் பெரம்பலூர்ப் பக்கம் திருப்பும்.

விஜயதசமி காலை பத்து மணிக்கு முதல் ரயில் என்று ராஜதுரையைக் குடும்பத்தோடு வரச் சொல்லிவிட்டார். ஓடாவிட்டால் ஆயுசுக்கும் பேச்சு கேட்க வேண்டும். அந்தப் பயத்தில் நாற்பது தடவை ஓட்டிப் பார்த்தார். நாற்பது தடவையும் சமர்த்தாகத் திரும்பியது.

முதல் நாள் ஆயுத பூஜை. கடையில் ஸ்பேனருக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்த மனுஷர், மாடிக்கு வந்து எட்டு பாயிண்டுக்கும் வைத்தார். ஏழாவதுக்குக் கொஞ்சம் தாராளமாகவே. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது என்பதால், பிறகு ஓட்டிப் பார்க்கவில்லை.

"எதுக்கும் இருக்கட்டும்னு பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துட்டு வந்துட்டேன் மாமா" என்று சொல்லிக்கொண்டே மறுநாள் காலை வந்தான் ராஜதுரை.

ரயில் கிளம்பி அரியலூரைத் தாண்டியது. உத்திராபதி ஏழை அமுக்கினார். போனில் பச்சை எரிந்தது. ரயிலோ நேராகத் திருச்சிக்குப் போய் நின்றது.

"பெரம்பலூர்க்காரங்கள்லாம் எறங்கி பஸ் ஏறுங்க!" என்று கத்தினான் ராஜதுரை. உத்திராபதி கட்டிய மனைவி மேகலாவே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உத்திராபதிக்கு அழுகையே வந்துவிட்டது. மறுபடி அமுக்கிவிட்டு, மேசைக்கு அடியில் காதை வைத்தார். 'கர்ர்' என்றது. மோட்டார் நன்றாகத்தான் இழுக்கிறது. நகர வேண்டிய தண்டவாளம்தான் நகரவில்லை. எழுந்து குனிந்து பார்த்தார். இடுக்கில் சந்தனம் காய்ந்து கல்லாகக் கிடந்தது.

"உங்க பக்தி ரயிலையே நிறுத்திடுச்சு!" என்ற மேகலா, புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுரண்டினார்.

மறுபடி விருத்தாசலம். மறுபடி அரியலூர். ஏழை அமுக்கினார். 'டக்' என்றது. ரயில் மெல்ல வளைந்து பெரம்பலூருக்குள் வந்து நின்றது. முதலில் விசிலடித்தது ராஜதுரைதான்.

"ஒத்துக்கறேன் மாமா. சரி, இப்ப அரியலூருக்குத் திருப்பி அனுப்புங்க பாப்போம்."

உத்திராபதி பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

"அது நாளைக்கிப் போவட்டும் மாப்ள. இன்னக்கி ஒரு நாளாச்சும் எங்க ஊர்ல நிக்கட்டும்."