தொடை வரைக்கும் கீறிய கால்

நெஞ்சு எப்படி இருக்கு என்று கேட்காத ஆள் சங்கரன்கோவிலில் கிடையாது. நெஞ்சுக்கு ஒரு குறையும் இல்லை. என்னைக் கட்டிலில் போட்டது இடது கால். அதை ஒருத்தனும் கேட்க மாட்டேங்கான்.

மூணாம் வகுப்போடு நின்றவன் நான். கூலிக்குத் தறி ஓட்டிய ஆள், இன்றைக்குப் பதினாறு விசைத்தறிக்குச் சொந்தக்காரன். எந்தத் தறி நின்றது என்று சத்தத்தை வைத்தே சொல்லுவேன். அந்தத் திமிர் ஆஸ்பத்திரியிலும் பேசிவிட்டது.

பைபாஸ் செய்யக் காலிலிருந்து ரத்தக்குழாய் எடுக்கணும். திருநெல்வேலி டாக்டர் ரெண்டு வழி சொன்னார். முழங்கால் பக்கம் துளை போட்டு, கேமரா விட்டுப் பார்த்து எடுப்பது ஒன்று. கணுக்காலிலிருந்து தொடை வரைக்கும் கீறி எடுப்பது இன்னொன்று.

"உங்களுக்குச் சீனி இருக்கு. கீறினா புண் ஆற நாளாகும். துளைதான் நல்லது" என்றார்.

"சின்ன ஓட்டை வழியா இழுத்தா நூலே பிசிறடிக்கும் டாக்டர். நெஞ்சுக்குப் போற குழாய் அடிபடக் கூடாது. தாராளமாக் கீறுங்க."

"யப்பா, அவரு சொல்லுததைக் கேளுங்க" என்றான் மகன்.

"இழுத்தா என்ன ஆகும்னு எனக்குச் சொல்லித் தாரியாலே?" என்று அவன் வாயை அடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அதே வாரம் அதே ஆஸ்பத்திரியில் துளை போட்டு எடுத்துக்கொண்ட கரிவலம்வந்தநல்லூர்க்காரர் ஒருத்தர் ஒரே மாசத்தில் பஸ் ஏறிக் கடைத்தெருவுக்கு வந்துவிட்டார். எனக்கு ரெண்டு மாசம் தாண்டியும் கெண்டைக்காலில் தையல் விட்ட இடம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. வீட்டிலிருந்து தறிக்கூடம் நாற்பது எட்டு வைக்கிற தூரம். அதை நடக்க வழியில்லை. "நாலாவது தறி நின்னு போச்சு" என்று படுத்தபடியே கத்துகிறேன். அந்த இரைச்சலில் எவனுக்குக் கேட்கும்?

"நெஞ்சுக்குப் போனது பிசிறடிக்கலை. காலுதான் பிசிறடிச்சிட்டு" என்கிறாள் வீட்டுக்காரி.

மகன் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் காரில் கூட்டிப்போய்க் கட்டு மாற்றி வருகிறான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவன் ரெண்டு ஏச்சு ஏசினால் நான் நாலு ஏசி ஆற்றிக்கொள்வேன்.

போன தடவை கட்டைப் பிரித்துப் பார்த்த டாக்டர், "இது தானா மூடாது. வலது தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டணும். இல்லைன்னா நடக்கிறது இன்னும் தள்ளிப்போகும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஐயாவுக்கு வேற யோசனை எதுவும் உண்டா?" என்று கேட்டார். நர்ஸ் குனிந்துகொண்டு சிரித்தாள்.

இருந்த ஒரு நல்ல காலிலும் கத்தி. யோசனை இரண்டு மூன்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மகன் ஒப்புதல் தாளை வாங்கி என் பக்கம் நீட்டினான்.

"எழுத்து பொடிசா இருக்கு. நீயே வாசிலே" என்றேன்.

கடைசி வரி வரைக்கும் நிறுத்தி நிறுத்தி வாசித்தான். ஒரு இடத்திலும் குறுக்கே பேசாமல் கேட்டேன், எரிச்சலோடுதான்.