மாரீஸ்வரன் போட்ட படம்

மாரீஸ்வரன் பயந்தாங்கொள்ளி என்பது சூரியநெல்லிப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயங்களில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அவனும் அதை மறைத்ததில்லை. எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒரு வளைவில் திரும்பியதும் எதிரே யானை நின்றது. டிராக்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தவன், மறுநாள் அதை எடுத்துவரக்கூடப் போகவில்லை. கேலி செய்தவர்களிடம், "நீங்க ஒருக்கா அது முன்னால போய் நின்னுட்டு வந்து பேசுங்க" என்பான். நியாயமான பேச்சுதான். வாய்ச்சவடால் அடித்தவர்கள் யாரும் போய் நின்றதாகத் தகவல் இல்லை.

அதற்குப் பிறகுதான் கேரவன் வண்டிக்கு டிரைவராகப் போனான். கட்டில், குளியலறை, அடுப்பு, டி.வி. என்று ஒரு வீட்டையே சக்கரத்தின் மேல் ஏற்றிவைத்த வண்டி. மூணாற்றிலிருந்து விருந்தாளிகளை ஏற்றிவந்து, தேயிலைக் காட்டின் உச்சியில் வேலி போட்ட மைதானத்தில் நிறுத்த வேண்டும். யானை வந்தாலும் ஏறிக் கதவை அடைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அந்த வேலையில் அவனுக்குப் பிடித்த அம்சம்.

மேலே சிக்னல் கிடையாது. வருகிறவர்கள் பனி பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், அரை நாளில் சலித்துப்போய்ப் படம் பார்க்கக் கேட்பார்கள். அதனால் கீழேயே படத்தை டவுன்லோட் செய்துகொண்டு வரும்படி முதலிலேயே சொல்லிவிடுவான். சிலர் பென்டிரைவில் கொண்டுவருவார்கள், டி.வி. அதைத் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். சில படங்களில் ஆள் வாயசைப்பான், பேச்சு வராது. திட்டு முழுக்க மாரீஸ்வரனுக்கு வரும். போனிலிருந்து டி.வி.க்கு ஒயர் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் தொல்லை இல்லை.

அன்றைக்கு வந்திருந்தவர்கள் எருத்தேன்பதியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அருள்குமாரும் அவன் மனைவி மௌனிகாவும். மதியத்துக்கு மேல் பனி இறங்கி மைதானத்தின் வேலியே தெரியாமல் போனது. இருவரும் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு படம் போடச் சொன்னார்கள். அருள்குமாரின் போனில் படம் தயாராக இருந்தது. மாரீஸ்வரன் ஒயரைச் செருகினான். படம் பளிச்சென்று வந்தது. சத்தத்தைக் காணோம்.

"ஏனுங்க, டி.வி. ஊமையா இருக்குதுங்க" என்றாள் மௌனிகா.

மாரீஸ்வரன் ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டினான். கட்டிலுக்கு அடியில் இருந்த ஆம்ப்ளிஃபயரிலும் திருகைக் கடைசிவரை திருப்பினான். ஜெனரேட்டர் உறுமுகிற சத்தம்தான் கேட்டது. அருள்குமார் போனில் எதையெதையோ தட்டிப் பார்த்தான். டி.வி.யில் ஏதோ ஒரு ஊரில் திருவிழா நடந்துகொண்டிருந்தது.

அப்போது வெளியே எங்கேயோ உடுக்கையும் பம்பையும் கேட்டது. தொடர்ந்து அம்மன் பாட்டு.

"பக்கத்துல கோயிலுங்களா?" என்று கேட்டான் அருள்குமார்.

மாரீஸ்வரன் எட்டிப்போய்க் கதவின் தாழ்ப்பாளைப் போட்டான். லயத்து மாரியம்மன் கோயிலில் காலையும் மாலையும் தவிர வேறு நேரத்தில் பாட்டுப் போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கோயில் பாதையில் பெரியவர் வந்து நிற்கிறார், அந்தப் பக்கம் வராதீர்கள். யானை என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், பெரியவர் என்பார்கள். போன் எடுக்காத காட்டில், பனிக்குள் நடந்து வருகிறவர்களுக்கு அந்தப் பாட்டுதான் வழி சொல்லும். அதைக் கேட்டால் கோயில் வழியாகப் போகும் மேல் ரோட்டை விட்டு, யூகலிப்டஸ் சரிவில் இறங்கி அணைக்கரை வழியாக லயத்துக்குப் போய்விட வேண்டும்.

"கதவத் தெறக்காதீங்க சார். வெளிய ஆன நிக்குது" என்றான்.

மௌனிகா கட்டிலில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அருள்குமார் பதற்றத்தில் போனை அமுக்கிப் படத்தை நிறுத்தினான்.

வெளியே பாட்டும் நின்றது.

மாரீஸ்வரன் டி.வி.யைப் பார்த்தான். பம்பைக்காரன் ஒருவன் தூக்கிய கையோடு உறைந்து நின்றான். "சார், திரும்ப ஓட விடுங்க" என்றான். கை இறங்கியது. வெளியே பம்பை முழங்கியது.

அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முந்தின நாள் வந்த கூட்டம் தீமூட்டி ஆடுவதற்காக, மைதானத்தின் ஓரத்தில் பெரிய ஸ்பீக்கரை வைத்து நீள ஒயர் இழுத்திருந்தார்கள். ஆம்ப்ளிஃபயரின் விசையை அவன் உள்பக்கம் மாற்ற மறந்திருந்தான். படத்தின் சத்தம் முழுவதும் வெளியே, பள்ளத்தைப் பார்த்து அலறிக்கொண்டிருந்திருக்கிறது. பனியில் அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று யாருக்குத் தெரியும்? பாட்டுக் கேட்டால் கோயில்தான்.

யானை இல்லை என்று தெரிந்ததும் அருள்குமார் சிரித்தே விட்டான். மாரீஸ்வரனுக்கு அப்போதுதான் உண்மையான பயம் பிடித்தது. கொழுந்து எடுக்கிறவர்கள் வேலை முடித்து வரும் நேரம். அவன் மனைவி ஆனந்தியும் பக்கத்து வீட்டுச் சாந்தம்மாளும் மேல் ரோட்டில் வந்துகொண்டிருப்பார்கள். காலையில்தான் வனத்துறை வாச்சர் பொன்ராஜ் ஒவ்வொரு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார்: "பெரியவரு அணைக்கரையில புல்லு மேயுதாரு. இன்னைக்கு யாரும் கீழ்ப்பாதையில வராதீக." இப்போது இந்தப் பாட்டைக் கேட்டிருந்தால் ஆனந்தி என்ன நினைப்பாள்? பெரியவர் கோயிலுக்கு ஏறிவிட்டார், அணைக்கரை காலி என்று நினைப்பாள். நேராக அதன் காலடிக்கே இறங்குவாள். அனுப்பி வைத்தவன் அவன்.

ஓடிப்போய்ச் சொல்ல நேரமில்லை. உண்மையைச் சொன்னால், நேரம் இருந்திருந்தாலும் அந்தப் பனிக்குள் அவனுடைய கால் போயிருக்குமா என்பது சந்தேகம்தான். டி.வி.க்குக் கீழே விருந்தாளிகள் பாட்டுப் பாடுகிற மைக் இருந்தது. படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு அதை ஆம்ப்ளிஃபயரில் செருகினான். சத்தம் போட்டால் பெரியவர் மிரண்டு எந்தப் பக்கம் பாய்வாரோ என்று ஒரு நினைப்பு வந்து கையைப் பிடித்தது. ஆனாலும் பேசினான்.

"ஆனந்தி, நான் மாரி பேசுதேன். இது கோயில் பாட்டு இல்ல. நான் போட்ட படம். கீழ எறங்காத. எறங்கியிருந்தா திரும்பி மேல் ரோட்டுக்கே வா. சாந்தம்மா சித்தி, நீங்களும் வாங்க. பெரியவரு கீழதான் நிக்காரு."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். தொண்டை வறண்டு, கடைசியில் ஆனந்தி, ஆனந்தி என்று பெயர் மட்டும்தான் வந்தது. மௌனிகா அவன் கையில் தண்ணீரைக் கொடுத்தாள். அருள்குமார் சிரிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தான்.

பிறகு மூவரும் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்கள். கீழே எங்கோ ஒரு கிளை முறிந்தது. மாரீஸ்வரன் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இப்போது ஓர் அலறல் கேட்கும், இப்போது கேட்கும் என்று உடம்பு முழுவதும் காதாக நின்றான்.

வேலி ஓரம் முதலில் பேச்சுக்குரல் கேட்டது. அடுத்து ஆனந்தி வந்தாள். பின்னால் சாந்தம்மாள், முழங்கால்வரை சேறு. அவர்களோடு கொழுந்து எடுக்கிற இன்னும் சிலர்.

"பாதிச் சரிவு எறங்கிட்டோம்" என்றாள் ஆனந்தி. "மரத்துக்கு அங்கிட்டு முதுகு தெரிஞ்சுச்சு. அப்பதான் நீங்க கூப்பிட்டீக." அவ்வளவு சொன்னவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மாரீஸ்வரன் விருந்தாளிகள் முன்னால் வாய்விட்டு அழுதான்.

லயத்தில் இந்தக் கதை பரவ அதிக நேரம் ஆகவில்லை. பயம் தெளிந்தவுடன் அது வேடிக்கையாகிவிட்டது. கோயிலில் வழக்கமான பாட்டுப் போட்டாலே, "மாரி படம் ஆரம்பிச்சாச்சு, டிக்கெட் எடுத்துட்டு வாங்க" என்பார்கள். சாந்தம்மாள்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். அவனும் கூடச் சிரித்து வைத்தான்.

அடுத்த வாரமே வண்டி பிரேக் வேலைக்காக மூணாற்றுக்குப் போய்விட்டது. மாரீஸ்வரன் வீட்டில் இருந்தான். பிற்பகலில் பனி இறங்கியது. ஆனந்தி அடுப்பில் கட்டன் சாயா வைத்திருந்தாள். சாந்தம்மாள் விறகு எடுக்கக் கயிறும் அரிவாளுமாகக் கோயில் பாதையில் ஏறிக்கொண்டிருந்தாள். அப்போது பாட்டு வந்தது.

மாரீஸ்வரன் எழுந்து வாசலுக்கு வந்தான். பாதையில் நின்றிருந்த இரண்டு பேர் சட்டென்று வீட்டுக்குள் போவார்கள் என்று எதிர்பார்த்தான். அவர்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். மேலே போய்க்கொண்டிருந்த சாந்தம்மாள், திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

"மாரி பய இன்னைக்கும் படம் போட்டுட்டான்."

பனி அவளை மூடியது. கூப்பிட்டுப் பார்த்தான், பாட்டுச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. மைக்கும் இல்லை, வண்டியும் இல்லை. ஆனந்தி உள்ளேயிருந்து என்னவென்று கேட்பதற்குள் அவன் ஓடத் தொடங்கியிருந்தான். செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றது. எதிரே கருப்பாகத் தெரிந்த ஒவ்வொரு புதரும் அசைவது போலிருந்தது. எதற்கும் நிற்காமல் ஏறினான். கோயில் வளைவுக்குச் சற்று முன்னால் சாந்தம்மாளின் கையை எட்டிப் பிடித்து இழுத்தான். பேச மூச்சு இல்லை.

சாந்தம்மாள் கோபமாகத் திரும்பினாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏலே, நீ இங்கயா நிக்க? அப்ப பாட்டுப் போடுதது யாரு?"