மீசையும் எடுத்தவர்

நான் முதல்முறையாக நெடுந்தூர ட்ரையத்லானுக்குப் பெயர் கொடுத்திருந்தேன். ஆர்.எஸ்.புரத்து நீச்சல்குளத்தில் என் பக்கத்தில் நீந்தியவரும் அப்படித்தான். ஒல்லியான, கறுத்த மனிதர். கரையேறினாலும் நீச்சல் கண்ணாடியைக் கழற்ற மாட்டார். அதன் வழியாகவே பார்த்துப் பேசுவார்.

போட்டி நெருங்கியபோது சில நாள் காணாமல்போய், மொட்டைத் தலையோடு வந்தார். மீசையும் இல்லை.

“பாத்துக்குங்க. தண்ணில வேகம் குறையக் கூடாதுன்னு மீசையக்கூட எடுத்துப்போட்டாரு. இதுதானுங்க வெறி,” என்று பயிற்சியாளர் எங்களைக் கடிந்துகொண்டார். மொட்டையடித்தவர் மறுக்கவில்லை.

அந்த வெறி என்னையும் பிடித்தது. மாலையே சலூனுக்குப் போய்த் தலையையும் மீசையையும் மழித்துக்கொண்டேன். வீட்டில் அப்பா என்னைப் பார்த்ததும் பேப்பரை மடித்துவைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் குளத்தில் அவர் என் முகத்தையே பார்த்தார். அன்றுதான் கண்ணாடியைக் கழற்றினார். கண்கள் சிவந்திருந்தன.

“எனக்கு எங்கப்பாங்க. உங்களுக்கு யாருங்க?”

மீசையும் போனால் என்ன அர்த்தமென்று ஊருக்கே தெரியும். குளத்தில் எங்களுக்கு மட்டும் அது உறைக்கவில்லை. நான் என் நீச்சல் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

“சொல்ல வேண்டாமுங்க,” என்று என் தோளைத் தட்டினார். “தண்ணிக்குள்ள போயிட்டா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க.”

போட்டியன்று உண்மையைச் சொல்லிவிட நினைத்து அவரைத் தேடினேன். எல்லார் தலையிலும் ஒரே நிற நீச்சல் தொப்பியை மாட்டிவிட்டிருந்தார்கள். யார் மொட்டை என்றே தெரியவில்லை.