தண்ணிக்கு எடுத்த சேவல்

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் சேவல்கட்டு நடக்கும். பாதிச் சண்டையில் அவரவர் சேவலைத் தூக்கிக்கொள்வதைத் தண்ணிக்கு எடுப்பது என்போம். முகத்தில் தண்ணீர் தெளித்து, ரத்தத்தைத் துடைத்து, கிழிந்த தோலைத் தைத்து மறுபடியும் இறக்குவோம். இறங்காமல் நிற்கும் சேவலின் கழுத்து மயிரைப் பிடுங்கினால் அதற்கு வெறி ஏறும். அதில் நான் கெட்டிக்காரன்.

பர்மாவில் தோளில் குண்டு பட்டு, பட்டாளத்திலிருந்து என் தம்பி லீவில் வந்தான். அம்மா கோழியடித்துச் சாறு வைத்தாள். புண்ணுக்கு மருந்து கட்டியது நான். ஒரு மாதத்தில் தேறிவிட்டான். ஆனால் கிளம்ப வேண்டிய நாளில் கட்டிலை விட்டு எழவில்லை.

"நான் போகலீங்கண்ணா. எதுக்குச் சுடறோம்னே தெரியலீங்க" என்றான்.

"பொட்டையாட்டம் பேசாதடா. நீ போகலீனா ஊருக்குள்ள நான் எப்படித் தலை நிமுந்து நடக்கறது?" என்றேன்.

அவன் முகம் சிவந்தது. உடுப்பை மாட்டிக்கொண்டு போய் சங்ககிரியில் ரயில் ஏறினான்.

அப்புறம் தந்திதான் வந்தது.

யுத்தம் முடிந்ததென்று பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தார்கள். இனி உலகத்தில் சண்டையே வராது என்றார் வாத்தியார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. முடிந்ததா? தண்ணிக்கு எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மனிதன் ஏன் சண்டை போடுகிறான் என்று ராஜாக்களையும் மந்திரிகளையும் போய்க் கேட்கிறார்களே, என்னைக் கேட்கட்டும். என் தம்பியின் கழுத்து மயிரைப் பிடுங்கியவன் நான்.