எட்டாவது படம்

இன்று காலைவரை என் கைபேசியில் நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு படங்கள் இருக்கின்றன. அவற்றில் மனிதர்கள் இருப்பவை அறுபத்து மூன்று. மற்றவை எல்லாம் கொடிமலையும் கடலும் மேகமும்தான். எங்கள் வீடு அடுக்குமாடியில் பதினான்காவது தளம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடலும் அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்குப் போகும் பெர்ரிப் படகும். மழை வருவதற்குச் சற்று முன்னால் மலை கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். மழை வந்த பிறகு அப்படி ஒரு மலை இருந்ததற்கே அடையாளம் இருக்காது. இதை விட்டுவிட்டு உள்ளே எப்படி உட்கார்ந்திருப்பது?

“ஒரே மலைதானேப்பா. போன்ல இடமே இல்ல லா. பாதிய அழிச்சிடவா?” என்று மகள் வாரத்துக்கு இரண்டு முறை கேட்கிறாள். கேட்காமலே அழித்துவிடுவாளோ என்ற கவலையில் கைபேசியைச் சட்டைப்பையை விட்டு எடுப்பதில்லை. இந்தப் பித்து யாரிடமிருந்து எனக்கு வந்தது என்பதை அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் நான் செய்த காரியத்தையும் சொல்லவேண்டி வரும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா துறைமுகத்தில் கிராணி. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதுவது அவர் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகாது. வாசலில் கிடக்கும் செருப்பு எத்தனை, கொடியில் காயும் துணி எத்தனை என்று என்னைக் கேட்பார். சரியாகச் சொன்னால் தலையில் லேசாக ஒரு தட்டு. அவரிடம் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான் என்பதால், கேட்காததையும் எண்ணி வைத்திருப்பேன்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடு இருந்தாள். வயது இருபத்து நான்கு. கப்பல் அதிகாரி ஒருவர் ஊர் திரும்பும்போது அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன பெட்டிக் கேமரா ஒன்று அலமாரியில் கிடந்தது. கூடவே வந்த ஆங்கிலக் குறிப்பை எழுத்துக்கூட்டிப் படித்து அதை இயக்கத் தெரிந்துகொண்டவள் அத்தை மட்டுமே. ஆனால் பிலிம் வாங்கித் தர யாருமில்லை. அதனால் வெறும் கேமராவை எடுத்துக்கொண்டு என்னோடு பாடாங் திடலுக்கு வருவாள். கடலோரச் சுவரருகே நின்று, வடக்கே கெடா மலைமேல் ஏறும் மேகத்துக்கு நேரே பிடித்து விசையை அமுக்குவாள்.

“இது நல்லா விழுந்திருக்கும்டா” என்பாள். பிலிம் இல்லாமல் எப்படி விழும் என்று நான் கேட்டதில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் விழுந்த மாதிரிதான் இருக்கும்.

அந்த வருடம் நிபோங் திபாலுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த கிராணிக்கு அத்தையைப் பெண் கேட்டார்கள். தரகர் பெண்ணின் படம் வேண்டும் என்றார். ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போக அப்பாவுக்குப் பயம். நன்றாக வந்த படங்களைக் கடைக் கண்ணாடியில் மாட்டிவிடுவார்கள், போகிறவன் வருகிறவனெல்லாம் பார்ப்பான். ஆகவே முதல்முறையாக ஒரு பிலிம் சுருள் வாங்கி வந்தார். அதில் எட்டுப் படம் எடுக்கலாம். ஞாயிறு நாலு மணிக்கு மேல் நல்ல நேரம், திங்கள் கடையில் கழுவக் கொடுப்பது, புதன்கிழமை தரகர் எடுத்துப்போவது என்று ஏற்பாடு. புதன் தவறினால் தைப்பிங்கில் பார்த்து வைத்திருந்த இன்னொரு பெண்ணைப் பேசி முடித்துவிடுவார்கள்.

“அங்கேருந்து கடல் தெரியுமா அண்ணி?” என்று அத்தை அம்மாவைக் கேட்டாள்.

“கடலப் பாத்துக்கிட்டா குடும்பம் நடத்தப்போற? ரப்பர் மரம் தெரியும் லா, போதாதா?”

ஞாயிறு காலை, பட்டர்வொர்த்தில் இருந்த பெரியம்மா வீட்டுக்கு முறுக்குக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லி என்னை அழைத்துக்கொண்டு கிளம்பினாள் அத்தை. பெர்ரியின் மேல்தட்டுக்கு வந்த பிறகுதான் கூடையில் முறுக்கு டின்னுக்கு அடியில் கேமரா இருப்பது தெரிந்தது. பிலிமும் உள்ளே ஏறியிருந்தது.

கேமராவின் முதுகில் சிவப்புக் கண்ணாடி பதித்த சின்ன ஓட்டை. திருகைச் சுற்றினால் அதில் எண் வந்து நிற்கும். “ஒண்ணு தெரியுதா? அப்படின்னா ஒண்ணு இன்னும் எடுக்கல, எடுக்கப்போறோம். எடுத்துட்டுச் சுத்துனா ரெண்டு வரும். நீதான் நல்லா எண்ணுவியே, பாத்துக்க” என்றாள். அவ்வளவு பெரிய பொறுப்பை அதுவரை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

கொடிமலைமேல் துண்டு போட்ட மாதிரி கிடந்த மேகத்தை முதலில் எடுத்தாள். நிழல் விழுந்த பாதிக் கடலும் வெயில் விழுந்த பாதிக் கடலும் சேரும் கோட்டை எடுத்தாள். அந்தக் கோட்டைத் தாண்டிப் போன சம்பான் படகு ஒன்றை எடுத்தாள்.

“மூணு ஆச்சு அத்தை.”

“இன்னும் அஞ்சு இருக்குல்ல?”

பட்டர்வொர்த்தில் இறங்கினோம், பெரியம்மா வீட்டுக்குப் போகவில்லை. துறையிலேயே உட்கார்ந்து முறுக்கைத் தின்றோம். பதினான்கில் ஒன்பது எனக்கு. அதை வீட்டில் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டாள். திரும்பும் பெர்ரியில் தெற்கேயிருந்து மழை கடல்மேல் நடந்து வந்தது. சாம்பல் நிறத் திரை போல, அடியில் மட்டும் வெள்ளையாக. மற்றவர்கள் உள்ளே ஓட, அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். நாலு, ஐந்து, ஆறு, ஏழு.

“அத்தை, ஏழு ஆச்சு. அப்பா அடிப்பாங்க.”

“உன்னையா அடிப்பாங்க? என் மூஞ்சிக்கு ஒண்ணே அதிகம்டா” என்று சிரித்தாள். சிவப்புக் கண்ணாடியில் எட்டு வந்து நின்றது. கேமராவை முந்தானையில் சுற்றிக்கொண்டு வெகுநேரம் மழையைப் பார்த்தாள். நீர் வெளுக்க ஆரம்பித்ததும் கேமராவை வெளியே எடுத்துப் பிடித்தாள், பிறகு அமுக்காமலே தாழ்த்தினாள். “இன்னும் வெளிச்சம் வரல. மழை விட்டதும் ஒரு வெளிச்சம் வரும் பாரு, அதுக்கு வெச்சுக்குவோம்” என்றாள். அது வருவதற்குள் பெர்ரி கரை சேர்ந்துவிட்டது.

நாங்கள் வீடு வந்தபோது அப்பா வாசலில் நாற்காலியைப் போட்டு, அதை மூன்றாவது தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா பட்டுச்சேலையோடு நின்றாள். அத்தை கேமராவை நீட்டினாள்.

“பிலிம் முடிஞ்சிருச்சு அண்ணே. வழியில எடுத்துட்டேன்.”

அப்பா அதைத் திருப்பிச் சிவப்புக் கண்ணாடியைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் எண்கள்தான். “எட்டு” என்றார். நாற்காலி துடைத்த துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை, இன்னொரு சுருள் வாங்கக் கடை கிடையாது. அம்மா சேலையை மடிக்கத் தொடங்கினாள்.

என்னால் தாங்க முடியவில்லை. ஒரு கணக்குத் தப்பாக நிற்கிறது, அதை நான் ஒருவன்தான் பார்க்கிறேன்.

“இல்லப்பா. எட்டு தெரிஞ்சா ஏழுதான் ஆயிருக்கு. எட்டு இனிமேதான்.”

“எண்ணுனியா?”

“எண்ணுனேன்பா. அத்தைதான் எண்ணச் சொன்னாங்க.”

தலையில் ஒரு தட்டு விழுந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகவே. அத்தை என்னைப் பார்த்தாள், பிறகு அம்மா கையிலிருந்த சேலையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது மேகம் கலைந்து தெரு முழுக்க ஒரு மஞ்சள் வெளிச்சம் இறங்கியது. எந்த விசை என்று அப்பாவுக்குக் காட்டிக்கொடுத்ததும் நான்தான். முறுக்கைப் பற்றி மட்டும் கடைசிவரை வாய் திறக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினோம் என்று அன்று பெருமையாக இருந்தது.

தை மாதம் கல்யாணம். மாமா நல்ல மனிதர். அத்தை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. பள்ளி விடுமுறையில் ஒருமுறை போனேன். அவர்கள் வீட்டு வாசலில் நின்றால் நாற்பத்தொரு ரப்பர் மரம் தெரிந்தது. மேலே இலைகளுக்கு நடுவில் துண்டு துண்டாக வானம். மேகம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள வழியில்லை. கேமரா எங்கள் வீட்டு அலமாரியிலேயே இருந்தது.

அப்பா அந்த ஒரு படத்தை மட்டும்தான் அச்சுப் போட்டார். மற்ற ஏழின் நெகட்டிவும் இப்போது என்னிடம் இருக்கிறது. மூன்று வெறும் கறுப்பு, ஒன்றில் என் முழங்கை. மீதி மூன்றில் மேகம் இருக்கிறது.

அந்த எட்டாவதைப் பெர்ரியிலேயே எங்கேயாவது காட்டி அமுக்கித் தொலைத்திருக்கலாமே என்று பல வருடம் அவள்மேல் எனக்குக் கோபம். ஒரு விரல் வேலை. புதன் தவறி, அந்தச் சம்பந்தமே நின்றுபோயிருக்கும். இப்போது மழை விடுவதற்காகப் பதினான்காவது மாடியில் முக்கால் மணிநேரம் கைபேசியோடு நிற்கும்போதுதான், அவளால் அதைச் சும்மா அமுக்கியிருக்க முடியாது என்று தெரிகிறது.

படத்தில் அவள் கன்னத்தில் அந்த வெளிச்சம் விழுந்திருக்கிறது. அவள் பார்ப்பது கேமராவை அல்ல. அதற்கு ஒரு முழம் தள்ளி, இடது பக்கம். அங்கே நின்றிருந்தவன் நான். அவ்வளவு சரியாக எண்ணிவிட்டானே என்று மெச்சித்தான் அத்தை என்னைப் பார்க்கிறாள் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.