உத்தமன் சேர்த்த குறி

சேக்காட்டு லோகநாயகிக்கு, நம் ஆட்கள் பெயரை ஆங்கிலத்தில் எழுதும் லட்சணத்தின் மேல் தீராத கோபம். 1993-ல் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஆபீஸில், தொழிற்சாலைகளின் ஆள் பட்டியலில் பெயர் தேட வழி எழுதிக் கொடுப்பது அவள் வேலை. ஒரே அய்யாசாமி ஒரு பட்டியலில் AYYASAMI, இன்னொன்றில் AIYASAMY என்று இருப்பார்.

தேடலுக்கென்று எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான சில குறிகள் உண்டு. அவை போதாமல் திண்டாடியவளுக்காக, கூட வேலை பார்த்த உத்தமன் அவர்களுடைய புரோகிராமில் # என்று ஒரு குறியைச் சொந்தமாகச் சேர்த்தான். அந்த இடத்தில் ஆங்கில உயிரெழுத்தும் Y-யும் எப்படி, எத்தனை வந்தாலும் சரி என்று அர்த்தம். A#S#M# என்று தட்டினாள். அய்யாசாமி மட்டும் வந்து நின்றார். லோகநாயகி பூரித்துப் போனாள்.

அய்யாசாமிக்கு அந்த மாதம் ஓய்வு. வழியனுப்பு விழாக் கடிதம் அச்சடிக்க, அதே தேடல் வரியை பிளாப்பியில் தொழிற்சாலைக்கு அனுப்பினாள். அங்கே கம்ப்யூட்டர் பார்த்த சுலைமானும் # என்று ஒன்றைச் சேர்த்து வைத்திருந்தது அவளுக்குத் தெரியாது. அவருடைய #-க்கு எந்த எழுத்தும் எத்தனை வேண்டுமானாலும் வரலாம் என்று பொருள். அண்ணாசாமி, அப்பாசாமி, ஆரோக்கியசாமி என்று ஒன்பது பேருக்கு ஓய்வுக் கடிதம் போய்விட்டது. கம்ப்யூட்டர் சொன்னதை யார் சரிபார்ப்பது?

மறுநாள் சுலைமான், அண்ணாசாமியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனுக்கு இருபத்தொன்பது வயது.

"போன மாசந்தாம்மா கல்யாணம் ஆச்சு. இந்த லெட்டரைப் பார்த்துட்டு மாமியார் ஊட்ல, நெஜமா உனுக்கு இன்னா வயசுன்னு கேட்டுகினு கீறாங்க."

லோகநாயகி அவனுடைய வயதை ஆபீஸ் தாளில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தாள்.

அதற்குள் உத்தமனும் சுலைமானும் எந்த # அசல் என்று சண்டை பிடித்தார்கள். சொந்தக் குறியே கூடாது என்றார் சுலைமான், தானும் சேர்த்ததை மறந்து. சேர்க்காவிட்டால் வேலை எப்படி நடக்கும் என்றான் உத்தமன்.

"சேத்துக்குங்க," என்றாள் லோகநாயகி. "ஆனா அடுத்தவங்க மெஷினுக்குப் புரியலன்னா, அது புரியலன்னு நின்னுடணும். புரிஞ்ச மாதிரி வேற எதையாச்சும் செய்யக் கூடாது. அந்த மாதிரி குறியாப் பார்த்துச் சேத்துக்குங்க."

எந்த புரோகிராமிலும் பிழையாகவே எண்ணப்படும் அடைப்புக்குறியும் கேள்விக்குறியும் சேர்ந்த ஒரு ஜோடியை, இரண்டு நாள் கம்ப்யூட்டர் திரையை முறைத்துக்கொண்டிருந்த பிறகு உத்தமன் கண்டுபிடித்தான்.

அடுத்த மாதம் சுலைமான் போன் செய்தார். புதுக் குறி போட்டு அவள் அனுப்பிய வரியைத் தட்டியதும், மெஷின் பிழை என்று சொல்லி அப்படியே நின்றுவிட்டதாம். லோகநாயகி சந்தோஷமாக உத்தமனுக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். அவன் இன்னும் நாலு குறி யோசித்து வைத்திருப்பதாகச் சொன்னான்.